நேர்காணல் பட்டியலில் பெயர் வராத சிக்கல்: சரிசெய்த விதம்

காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருப்பதால் முனைவர் பட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. உதவிப் பேராசிரியர் விண்ணப்பங்களோ நேர்காணலுக்கு முன்பே கழிந்துவிடுகின்றன. என்னுடையதும் அப்படித்தான். கோளாறு ஆய்வில் இல்லை, விண்ணப்பத்தோடு வைத்த சான்றுகளில்.

யூஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில், பல்கலைக்கழக நேர்காணலுக்கு ஆள் பட்டியலிட மதிப்பெண் சொல்லும் 3ஏ அட்டவணையை எடுத்துவைத்து, செட்டியார் வீட்டுப் பேரேடு மாதிரி வரவு எழுதினேன். இளங்கலைக்கு அதிகபட்சம் 15, முதுகலைக்கு 25, முனைவருக்கு 30. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகையோடு தேறியிருந்தால் 7, வெறும் நெட் 5, மாநிலத் தகுதித் தேர்வான செட் 3. கட்டுரை ஒன்றுக்கு 2, அனுபவம் ஆண்டுக்கு 2. இரண்டுக்கும் உச்சவரம்பு 10. விருதுக்கு அதிகபட்சம் 3. ஆக, ஆறாவது கட்டுரைக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. அதற்காகப் பணம் கட்டி அவசரமாக வெளியிடுவது வீண். கல்லூரிகளுக்கு 3பி என்று தனி அட்டவணை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் ஓட்டை அனுபவச் சான்றில் இருந்தது. ஒரு சுயநிதிக் கல்லூரி ‘பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதித் தந்திருந்தது. ஓராண்டுக்குக் குறைந்த காலத்துக்கு விகிதப்படி மதிப்பெண் குறையும் என்பதால், சேர்ந்த நாளும் விலகிய நாளும் இல்லாத சான்று செல்லாக்காசு. நியமன ஆணை நகலோடு போய், தேதி, பதவி, பாடம், முதல்வர் கையொப்பம், முத்திரையுடன் புதிதாக வாங்கினேன்.

நெட் இல்லாதவர்கள், பட்டம் யூஜிசி முனைவர் பட்ட விதிகளின்படி தரப்பட்டது என்ற சான்றைப் பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். கடைசி வாரத்தில் கிடைக்காது.

இத்தனை மதிப்பெண்ணும் பட்டியல் வரைக்கும்தான். வேலைக்குத் தேர்ந்தெடுப்பது நேர்காணலை வைத்தே.