முட்டி ஆபரேஷன் முடிந்த பூனைக்கு

எங்கள் பூனை செவலைக்குப் பின்னங்கால் முட்டிச் சில்லு அடிக்கடி விலகியது. ஆபரேஷன் முடிந்து வந்த அன்றே கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு, தரையில் பாய் விரித்து அவன் கூண்டுக்குப் பக்கத்தில் படுத்தேன். தாவ ஓரிடமும் இருக்கக் கூடாது. நன்றாக நடந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை கூண்டுதான். எங்களுக்கு 6 வாரம். பூனை மலஜலம் கழிக்கும் மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும்; தையலில் மணல் ஒட்டாமலிருக்க நான் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன். தையலை நக்காமலிருக்க மாட்டிய கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். சாப்பிட மறுத்தால் முள் நீக்கிய வேகவைத்த மீனை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், ஈரல் கெட்டுவிடலாம். வலியில் முனகுகிறதே என்று நம் பாராசிட்டமாலைத் தந்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், அரை மாத்திரைகூட உயிரைக் குடிக்கலாம்.