இரவுக் கேமராவுக்குத் தனி ஐஆர் லைட் வாங்கும் முன்

தோப்பிலோ கிடங்கு முற்றத்திலோ வைத்த கேமரா பகலில் தெளிவாகக் காட்டிவிட்டு, இரவில் இருபதடிக்கு அப்பால் ஒன்றுமே காட்டாமல் இருந்தால் பெரும்பாலும் குறை கேமராவில் இல்லை, வெளிச்சம் போதவில்லை. கேமராவுக்குள்ளேயே இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளி) எல்இடிகள் வாசலுக்குப் போதும், வரப்புக்குப் போதாது. அதற்குத்தான் தனி ஐஆர் லைட்.

வாங்கும் முன் ஒரு சோதனை. இரவில், படம் கருப்பு வெள்ளையாக இருக்கும்போது டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். ரிமோட் முனை பளிச்சென்று வெள்ளையாக மின்ன வேண்டும். மின்னாவிட்டாலோ மங்கலான புள்ளியாக மட்டும் தெரிந்தாலோ, ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி விலகவில்லை என்று அர்த்தம். இரவிலும் வண்ணப் படம் தரும் கேமராக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். செட்டிங்கில் கருப்பு வெள்ளை முறைக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் மின்னவில்லை என்றால் எந்த லைட் வாங்கினாலும் வீண். வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமராவுக்கு ஐஆர் லைட்டே வேண்டாம். அது பார்ப்பது வேறு அலைநீளம்.

அடுத்து கோணம். பலர் பெட்டியில் அச்சிட்ட ‘100 மீட்டர்’ என்பதை நம்பி வாங்கி ஏமாறுவது இங்கேதான். அந்த எண் எந்தக் கேமராவோடு, எந்தக் கோணத்தில் அளந்தது என்று பெட்டி சொல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் லென்ஸ் எவ்வளவு அகலம் பார்க்கிறது என்பதை. வழக்கமான 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 டிகிரியும், 4 மில்லிமீட்டர் சுமார் 80 டிகிரியும், 6 மில்லிமீட்டர் சுமார் 50 டிகிரியும், 12 மில்லிமீட்டர் சுமார் 25 டிகிரியும் பார்க்கும். லைட்டின் கோணம் இதற்கு நிகராகவோ சற்றே கூடவோ இருக்க வேண்டும். 100 டிகிரி லென்ஸுக்கு 30 டிகிரி லைட் போட்டால் நடுவில் ஒரு வெள்ளை வட்டமும் இருபுறமும் இருட்டுமாக, டார்ச் அடித்தது போலத்தான் படம் வரும்.

கோணம் குறுகினால் தூரம் கூடும். 30 டிகிரி லைட் 50 மீட்டரில் ஏறத்தாழ 27 மீட்டர் அகலத்துக்குப் பரவும். 10 டிகிரி லைட் அதே தூரத்தில் 9 மீட்டர்தான் பரவும். வாட்டை ஏற்றித் தூரத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் நான்கு மடங்கு வாட் வேண்டும். அதே வாட்டில் 60 டிகிரியை 30 டிகிரியாக்கினாலே தூரம் ஏறக்குறைய இருமடங்காகும். அதனால் நீண்ட வேலி ஓரத்தைப் பார்க்க, அகலமான லென்ஸும் பெரிய லைட்டும் வாங்குவதைவிட 12 மில்லிமீட்டர் லென்ஸும் 30 டிகிரி லைட்டும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அலைநீளத்தில் இரண்டுதான் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். 850 நானோமீட்டர் லைட்டை நேராகப் பார்த்தால் எல்இடிகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் சிலிக்கான் சென்சாரின் உணர்திறன் 940-ல் பாதியோ அதற்கும் கீழோதான். அதே வாட்டுக்குத் தூரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். கேமரா இருப்பது தெரியக்கூடாது, விலங்கு மிரளக்கூடாது என்றால் 940. மற்ற எல்லாவற்றுக்கும் 850. மங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டும் மூன்றாம் தலைமுறை இமேஜ் டியூப் (குழாய்) வைத்த, கண்ணில் அணியும் இரவுப் பார்வைக் கருவிகளுக்கு 940 பயன்படாது. அந்தக் குழாய்களின் உணர்திறன் 900 நானோமீட்டரை ஒட்டிச் சட்டென்று விழுந்துவிடும்.

மின்சாரத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் வயரில்தான். 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுக்கும் லைட்டுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். லைட் மங்கும், மினுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.7 வோல்ட்தான். அடாப்டரை, லைட் எடுக்கும் ஆம்பியரைவிடக் கால் பங்காவது கூடுதலாக வாங்குங்கள். கேமராவின் அடாப்டரிலேயே லைட்டையும் சேர்த்து மாட்டினால், அந்தியில் லைட் எரியும் நொடியில் கேமரா அணைந்து அணைந்து எழலாம். உடல் அலுமினியமாகவும் ஐபி65-க்குக் (தூசியும் நீர்த்தாரையும் புகாத தரம்) குறையாததாகவும் இருக்கட்டும். சூடு வெளியேறாத பிளாஸ்டிக் உடலில் எல்இடி சீக்கிரம் மங்கும்.

லைட்டைக் கேமராவை ஒட்டி மாட்ட வேண்டாம். குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, முடிந்தால் சற்று உயரத்தில் வையுங்கள். ஒட்டி இருந்தால் மழைத்துளி, பனி, தூசி, சிலந்தி வலை எல்லாம் லென்ஸ் முன்னால் வெள்ளையாக எரியும். தனி லைட் வந்தபின் கேமராவின் உள் எல்இடிகளை அணைத்துவிடுங்கள். கற்றையின் நடுப்பகுதி, நீங்கள் பார்க்க வேண்டிய கடைசித் தூரத்தில் விழட்டும்; கிட்டத்துக்கு ஓர வெளிச்சமே போதும். பச்சை இலை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பியடிக்கும். இரண்டு மூன்று மீட்டருக்குள் ஒரு வாழை இலை ஆடினாலும் கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், பின்னால் நிற்கும் ஆள் இருட்டில் மூழ்குவார். வெட்டிவிடுங்கள். ஈர மண்ணும் குளத்து நீரும் எவ்வளவு லைட் போட்டாலும் கருப்பாகத்தான் தெரியும். துணியின் நிறத்தையும் நம்ப முடியாது. பல கருப்புச் சட்டைகள் ஐஆர் வெளிச்சத்தில் வெளிர் சாம்பலாகத் தெரியும்.

படம் சில நொடிக்கு ஒருமுறை வண்ணத்துக்கும் கருப்பு வெள்ளைக்கும் தாவிக்கொண்டே இருந்தால், ஐஆர் வெளிச்சத்தைக் கேமரா பகல் என்று எண்ணி ஏமாறுகிறது. தானியங்கி முறையை விட்டு நேர அட்டவணை வையுங்கள், அல்லது மாறும் தாமதத்தைக் கூட்டுங்கள். பகலில் கூர்மையாகவும் இரவில் மங்கலாகவும் வந்தால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. லைட் எரியும்போதே இரவில் ஃபோகஸைத் திருத்துங்கள்.

எரியும் லைட்டை அருகில் போய் உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு அந்த ஒளி தெரியாததால் இமை தானாக மூடாது. துடைக்கும்போது அணைத்துவிட்டுத் துடையுங்கள்.

நிரந்தரமாகப் பொருத்தும் முன் லைட்டை ஒரு மூங்கிலில் கட்டி, ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை) 1/50 நொடியில் வைத்து, ஒருவரை 10, 20, 30, 40 மீட்டரில் குறுக்கே நடக்கவிட்டுப் பதிவு செய்யுங்கள். நேரலையை அல்ல, பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முகம் அடையாளம் தெரியும் கடைசித் தூரமே உங்கள் லைட்டின் உண்மையான தூரம்.