எஸ்.யூ. கார்புரேட்டர்: எண்ணெய் எங்கே வேண்டும், எங்கே கூடாது

மோரிஸ் மைனர், எம்.ஜி.பி. போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில், எஞ்சினுக்கான பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும்போது, கை தானாக எண்ணெய்க் குப்பியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள்.

பிஸ்டனின் வெளிப்புறமும் அது ஏறி இறங்கும் சேம்பரின் உட்புறமும் உலர்ந்தே இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளிதான் உண்டு. அங்கே எண்ணெய் பூசினால் தூசி ஒட்டி, பிஸ்டன் பாதியில் சிக்கிக்கொள்ளும். பெட்ரோலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்தாலே போதும்; உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில் ஒன்றின் பிஸ்டனை மற்றதன் சேம்பரில் மாற்றிப் போடவும் கூடாது. அவை ஜோடியாகவே பொருத்தப்பட்டவை.

எண்ணெய் கேட்பது பிஸ்டனின் நடுத்தண்டு மட்டும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு தடவி, சேம்பரை மாட்டி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று அடியில் வந்து உட்கார வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திரும்பும் திராட்டில் தண்டின் இரு முனைகளுக்கும் இணைப்புக் கம்பிகளின் மூட்டுகளுக்கும் ஆளுக்கொரு சொட்டு விடலாம். பெட்ரோல் வந்து தேங்கும் மிதவை அறையின் ஊசி வால்வுக்கு எதுவும் வேண்டாம்.

கடைசியாக டேம்பர், அதாவது பிஸ்டன் சட்டென்று மேலே எழாமல் தடுக்கும் மூடியுடன் கூடிய தண்டு. எஸ்.ஏ.இ. 20 தர அடர்த்தியுள்ள எண்ணெயை நடுத்தண்டின் துளைக்குள் ஊற்றுங்கள். டேம்பரை இறக்கும்போது, அதன் மூடி உட்கார இன்னும் 6 மி.மீ. இருக்கையில் எதிர்ப்புத் தட்டுப்பட்டால் அளவு சரி.