புறக்கோட்டையில் பெல்ட் வாங்கப் போகிறீர்களா?

முதலில் அளவு. காற்சட்டை இடுப்பு 34 என்றால் பெல்ட்டும் 34 என்று வாங்கி, கடைசித் துளையில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்ட நிற்கிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். இரண்டு அங்குலம் கூட்டி 36 கேளுங்கள். பக்கிள் மாட்டியிருக்கும் மடிப்பிலிருந்து நடுத் துளை வரைதான் அளக்க வேண்டும், பக்கிளும் வாலும் கணக்கில் இல்லை. ஐந்து துளையில் நடுத் துளை சரியாக வந்தால் தீபாவளிக்கு முன்னும் பின்னும் அதே பெல்ட் போதும்.

அடுத்தது தோலா என்பது. "ஒரிஜினல் லெதர் அண்ணா" என்று ஒருவர் நடைபாதையில் வைத்து எனக்குத் தந்தது மூன்றே மாதத்தில் பாம்பு சட்டை கழற்றுவது போல உரிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்புத் தூள். தோல் தூளை அரைத்துப் பசை சேர்த்துத் தகடாக்கினாலும் லெதர் என்றுதான் விற்பார்கள். அதனால் மேற்பக்கத்து மினுக்கத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். ஒரே தோலாக நார்நாராகத் தெரிந்தால் சரி. நடுவில் அட்டை போல ஏதாவது தெரிந்தால் வைத்துவிட்டு நடங்கள். விளிம்புக்குச் சாயம் பூசி மறைத்திருக்கிறார்களா, துளைக்குள் எட்டிப் பாருங்கள், அங்கே யாரும் சாயம் பூச மெனக்கெடுவதில்லை.

ஆபீஸ் காற்சட்டைக்கு ஒன்றேகால் அங்குல அகலம், சப்பாத்தின் நிறத்திலேயே. ஜீன்ஸுக்கு ஒன்றரை. லீவைஸ் ஜீன்ஸுக்கே 1922இல்தான் பெல்ட் போடும் லூப் வந்தது, அதுவரை தோள்வாரும் பின்பக்கத்து இறுக்குப் பட்டியும்தான். ஆனால் பெல்ட் அதைவிட எவ்வளவோ பழசு. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 வருடத்துக்கும் முந்திய ஏட்ஸி என்ற மனிதனின் இடுப்புப் பட்டியில் ஒரு பை தைத்திருந்தது, உள்ளே சிறு கல் கருவிகளும் தீ மூட்டும் காளானும். சாரத்துக்கு மேல் பை வைத்த அகலப் பட்டி கட்டி, அதிலிருந்து சில்லறை எடுத்துத் தருகிற முதலாளிமாரைப் பார்த்திருப்பீர்கள்தானே? அதே வேலைதான்.

நீளம் கூடினால் நுனியை வெட்டாதீர்கள், துளையெல்லாம் இடம் மாறிப்போகும். பக்கிளைக் கழற்றி அந்தப் பக்கத்தில் வெட்ட வேண்டும், கழற்ற முடியாத பக்கிள் என்றால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுங்கள். புதுத் துளையும் அவரே போடட்டும். வீட்டில் ஆணியால் குத்தினால் ஓட்டை நாளடைவில் கிழிந்து நீளும்.

அப்புறம், கொழும்பு வேர்வை. கழற்றியதும் காற்சட்டையோடு விட்டுவிடாமல் துடைத்து, பக்கிளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்தால் ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் கருவாடு மாதிரி விறைத்துவிடும்.