எருக்குழி வேண்டாம், எருமேடு போடுங்கள்

வீட்டுத் தோட்டத்துக்கு எரு என்றதும் மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டுவதுதான் நம்மவர் பழக்கம். மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஊருக்குக் குழி சரி, அது ஈரத்தைக் காக்கும். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட், பீடோர் பக்கமெல்லாம் பகல் முழுக்கப் புழுங்கிவிட்டு நாலு மணிக்குக் கொட்டித் தீர்க்கிறது. தோண்டிய குழி ஒரே வாரத்தில் சேற்றுக் குட்டையாகிவிடும். காற்றுப் புகாத ஈரத்தில் குப்பை மக்காது, அழுகும். நாற்றம் அதனால்தான். ஆகவே இங்கே மேடுதான், அதுவும் கூரையோடு.

காய்ந்த இலைதான் முதல்

சமையலறைக் கழிவு கேட்காமலே தினமும் சேரும். தட்டுப்பாடு காய்ந்த சரக்குக்குத்தான். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் உள்ள மேட்டுக்கு 20 லிட்டர் வாளியில் ஏறக்குறைய 38 வாளிச் சரக்கு வேண்டும். அதில் 25 வாளி காய்ந்தது, 11 வாளி பச்சை, 2 வாளி கோழி எரு. கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது.

பால்மரம் (ரப்பர் மரம்) இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சருகைக் கூட்டி, காலி உரச் சாக்குகளில் அடைத்து, மழை படாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். பத்துச் சாக்கு இருந்தால் கவலையில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையும் ஆகும். தோட்டத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். ஓலையைப் பாராங் கத்தியால் இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கிச் சருகோடு சேர்க்கலாம். நடு மட்டை லேசில் மக்காது, அதை மேட்டின் அடியில் காற்றுப் போக வைக்கலாம்.

மரத்தூளில் ஒரு எச்சரிக்கை. ரப்பர் மரப் பலகையைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் மருந்தில் ஊறவைப்பது வழக்கம். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைத் தூளில் அந்த மருந்து இருக்கும், ஒட்டுப்பலகைப் பசையும் கலந்திருக்கும். போரான் அளவு மீறினால் இலை ஓரம் கருகும். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். களைக்கொல்லி அடித்துப் பழுத்துக் கிடக்கும் புல்லும் அப்படித்தான்.

மேடு கட்டுவது

சரக்கு அடுக்கும் பேலட் பலகைகள் நாலைச் சதுரமாக நிறுத்திக் கம்பியால் கட்டினால் கூடு தயார். முன்பக்கப் பலகை கழற்றும்படி இருக்கட்டும். அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை விரித்து, ஓரத்தைப் பலகையில் ஆணியடித்துவிடுங்கள். வலை இல்லாவிட்டால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். செம்பனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வலைமேல் அரை அடிக்கு மட்டைத்துண்டு, சுள்ளி. அதன்மேல் நாலு அங்குலம் சருகு, இரண்டு அங்குலம் பச்சைக் கழிவு, அரை வாளிக்குச் சற்றுக் குறைவாகக் கோழி எரு, ஒரு கைப்பிடி பழைய எரு அல்லது தோட்டத்து மண். இப்படியே மாறி மாறி மேலே போகவேண்டும். கடைசி அடுக்கு எப்போதும் சருகுதான். பச்சைக் கழிவு வெளியே தெரிந்தால் ஈ மொய்க்கும்.

ஒரே நாளில் மூன்றடியும் ஏற்றினால்தான் மேடு கொதிக்கும். நாலைந்து பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒரு வாளிக் கழிவு சேர்ந்தால் அதிகம். மீதிக்குக் காலை மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரரிடம் கேளுங்கள், கோபிஸின் (முட்டைக்கோஸின்) வெளி இலையை மூட்டையாகவே தருவார். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாலும் எரு வரும். ஆனால் சூடேறாது, களை விதை சாகாது, காலமும் இரண்டு மடங்கு பிடிக்கும்.

கூரைக்கு ஒரு தகரத்தை ஒரு பக்கம் சாய்த்து, சரக்குக்கும் தகரத்துக்கும் ஓரடி இடைவெளி விட்டு வையுங்கள். கன்வஸ் விரிப்பைப் போடாதீர்கள். அதன் மடிப்பில் தேங்கும் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும், கொசுப்புழு வந்துவிடும். சுகாதார அதிகாரி கண்ணில் பட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம்.

எதைப் போடலாம்

காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, கோப்பிச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு, கிழித்த செய்தித்தாள் எல்லாம் போகலாம். மீன், இறைச்சி, எண்ணெய்க் குழம்பு, கருவாடு, ஊறுகாய் கூடாது. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் எண்ணெய் மிச்சமிருக்கும், ஒரு கிண்ணத்துக்கு மேல் ஒரே இடத்தில் கொட்டாமல் நடுவில் புதைத்துவிடுங்கள். டுரியான் தோலை உள்ளங்கை அளவுக்கு வெட்டிப் போட்டாலும் அடுத்த மேட்டுக்கும் மிஞ்சும்.

நாசி லெமாக் சோறு மடித்த பழுப்புத் தாளைச் சிலர் காகிதம்தானே என்று போடுகிறார்கள். மெல்லக் கிழித்துப் பாருங்கள்: காகிதம் கிழிந்த இடத்தில் கண்ணாடி போல ஒரு சவ்வு இழுபடும். அது பிளாஸ்டிக், மக்காது. சாமி மாலையில் பூ நல்ல சரக்கு. நூலையும் சரிகையையும் உருவிவிட்டுப் போடுங்கள். நைலான் நூல் மண்வெட்டியில் சுற்றிக்கொண்டால் மேட்டைப் புரட்டுவது தண்டனையாகிவிடும்.

புரட்டுவதும் பார்ப்பதும்

மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் 55 பாகைக்கு மேல் போயிருக்கிறது, சரியான பாதை. ஐந்தாம் நாள் முதல் புரட்டல், பிறகு வாரம் ஒருமுறை. ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போகவேண்டும். கையுறையும் பூட்ஸும் போடுங்கள். எலி சிறுநீர் பட்ட குப்பையில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது கைக்கீறல் வழியாக உள்ளே போகும்.

ஈரத்தைக் கையால் பார்க்கலாம். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்: மேட்டைப் பிரித்துச் சருகு கலந்து மறுபடி அடுக்குங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். எறும்பு கூடு கட்டியிருந்தாலும் உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள்.

அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை. மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வந்தால் கோழி எரு கூடிவிட்டது. இரண்டுக்கும் மருந்து சருகும் புரட்டலும். நாற்றத்துக்குச் சுண்ணாம்போ சாம்பலோ தூவுவது இங்கே வழக்கமாகிவிட்டது. சூடான மேட்டில் அதைத் தூவினால் தழைச்சத்துத்தான் அம்மோனியாவாகப் பறந்துபோகும், எருவில் சத்துக் குறைந்துவிடும்.

புழுவைக் கண்டதும் பதறவேண்டாம், எந்தப் புழு என்று பாருங்கள். தட்டையாக, பழுப்பாக, வரிவரியாக நெளிவது கருஞ்சிப்பாய் ஈயின் புழு. கழிவைத் தின்று தீர்க்கும், மனிதருக்குத் தொல்லை இல்லை. நிறைய வந்தால் ஈரம் அதிகம், அவ்வளவுதான். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தால் அது வேறு கதை. காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். மக்கும் குப்பையில்தான் அது முட்டையிடும், வளர்ந்த வண்டு தென்னை, செம்பனைக் குருத்தைத் துளைக்கும். புழுப் பருவம் மாதக்கணக்கில் நீள்வதால் வாராவாரம் புரட்டும் மேட்டில் தப்பாது. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பழம் உதிர்த்த செம்பனைக் குலையை ஆலையிலிருந்து கொண்டுவந்து மூலையில் குவித்து மறந்துவிடுபவர்கள்தான் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் சேர்த்து வினை வைக்கிறார்கள்.

எப்போது எடுக்கலாம்

எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மேடு பாதிக்கும் கீழே இறங்கி, கறுத்து, மழை பட்ட மண் வாசம் வரும். புரட்டினாலும் சூடேறாது. சந்தேகமிருந்தால் ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளிப்பு வாடை அடித்தால் இன்னும் இரண்டு வாரம் போகட்டும். அரைகுறை எரு செடியின் வேரைச் சுடும், மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும்.

பாத்திக்கு இரண்டு அங்குலம் பரப்பி அரை அடி ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். தொட்டிக்கு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு. மிளகாய், கத்தரி, கறிவேப்பிலைக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி போதும், தண்டை ஒட்டாமல் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடைமழை சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். சலித்தபின் மிஞ்சும் கட்டையையும் டுரியான் தோலையும் எறியாதீர்கள். அடுத்த மேட்டின் அடியில் போட்டால், அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரே உறைமோர் போல வேலையைத் தொடங்கிவைக்கும்.