எரிச்சலுள்ள தேவன்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை, இரண்டாம் கட்டளையில் வரும் ‘எரிச்சலுள்ள தேவன்’ என்ற தொடரைத் தடுமாறாமல் சொல்லிவிடுகிறது. (கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதை முதல் கட்டளைக்குள்ளேயே சேர்த்து எண்ணுவார்கள்.) அதே பிள்ளை வளர்ந்து, ஒருநாள் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைத் தனியே எடுத்து வாசிக்கும்போதுதான் இடறுகிறது. ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று யோவான் எழுதுகிறார்; ‘அன்புக்குப் பொறாமையில்லை’ என்று பவுல் எழுதுகிறார்; அப்படியிருக்க, தம்மை எரிச்சலுள்ளவர் என்று தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் கடவுளை எப்படிப் புரிந்துகொள்வது? ‘அதுவும் அன்புதான்’ என்ற பதில் பிரசங்க மேடையிலிருந்து எளிதாகக் கிடைத்துவிடுகிறது. பதில் சரியானதுதான். ஆனால் அதற்குப் போய்ச் சேரும் வழியில் பல தவறான திருப்பங்கள் உண்டு. அவற்றுள் சில வெறும் சொற்குழப்பம், சில ஆபத்தானவை.

சொற்குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. ‘எரிச்சலுள்ள தேவன்’ என்பது அதன் சொல்லாட்சி. இன்றைய பேச்சில் ‘எரிச்சல்’ என்றால் பேருந்து தாமதமானால் வருகிற சலிப்பு. ‘வயிற்றெரிச்சல்’ என்றால் அடுத்தவன் வீடு கட்டினால் வருகிற புகைச்சல். இந்த இரண்டு பொருளையும் ஏற்றிக்கொண்டு யாத்திராகமத்தை வாசித்தால், சிடுசிடுப்பும் பொறாமையும் கலந்த ஒருவரின் உருவமே மனத்தில் எழும். எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் ‘கன்னா’. இந்த உரிச்சொல் பழைய ஏற்பாட்டில் கடவுளுக்கு மட்டுமே வழங்குகிறது. எந்த மனிதனும் இச்சொல்லால் குறிக்கப்படுவதில்லை. ‘எரிச்சல்’ என்ற பழைய தேர்வைத் தவறென்று ஒதுக்க எனக்கு மனமில்லை, ஏனெனில் அதற்குள் ‘எரி’ இருக்கிறது. ‘உன் தேவனாகிய கர்த்தர் பட்சிக்கிற அக்கினி, அவர் எரிச்சலுள்ள தேவன்’ என்று உபாகமம் 4:24 இரண்டையும் ஒரே மூச்சில் இணைக்கிறது. ஆனாலும் விளக்கமில்லாமல் அந்தச் சொல்லை இன்றைய வாசகர் கையில் கொடுத்துவிட முடியாது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொதுமொழிபெயர்ப்பு இதே இடத்தில் ‘சகித்துக்கொள்ளாத இறைவன்’ என்கிறது. குழப்பம் குறைகிறது, நெருப்பும் கொஞ்சம் அணைந்துவிடுகிறது.

இதே எபிரெய வேரிலிருந்து பிறந்த சொற்கள் மனிதர்களின் பொறாமைக்கும் வழங்குகின்றன. லேயாளுக்குப் பிள்ளைகள் பிறந்ததைக் கண்டு ராகேல் கொண்ட பொறாமையும், யோசேப்பின்மேல் அவன் சகோதரர் கொண்ட பொறாமையும் அந்த வேரையே சேர்ந்தவை. எனவே ‘எபிரெயத்தில் அது வேறு சொல், ஆகையால் சிக்கலே இல்லை’ என்று சிலர் தரும் குறுக்குவழி விளக்கம் நிற்காது. வேறுபாடு சொல்லின் திசையில் இருக்கிறது. ராகேலின் பொறாமை, தன்னிடம் இல்லாததை வைத்திருக்கும் ஒருத்தி‘மேல்’ எழுகிறது. பழந்தமிழ் அதை அழுக்காறு என்னும். சகரியா 1:14இல் கர்த்தர் ‘எருசலேமுக்காகவும் சீயோனுக்காகவும்’ மகா வைராக்கியம் கொண்டிருப்பதாகச் சொல்கிறார். ஒருவர்மேல் கொள்வது வேறு, ஒருவருக்காகக் கொள்வது வேறு. எபிரெயத்திலும் இந்த வேறுபாடு பெரும்பாலும் முன்னிடைச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் இதை உணர்ந்தே ஓரிடத்தில் ‘பொறாமை’, ஓரிடத்தில் ‘எரிச்சல்’, ஓரிடத்தில் ‘வைராக்கியம்’ என்று பிரித்து எழுதினார்கள். அதனால் கிடைத்த தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு: ‘எரிச்சலுள்ள தேவன்’ என்பதும், ஏசாயா 9ஆம் அதிகாரத்தில் ஒரு பாலகனின் பிறப்பை அறிவித்துவிட்டு ‘சேனைகளின் கர்த்தருடைய வைராக்கியம் இதைச் செய்யும்’ என்று முடிக்கும் வாக்கியமும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்பது தமிழில் மட்டும் வாசிப்பவருக்குத் தெரிய வழியில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆண்டுதோறும் வாசிக்கப்படும் பகுதி அது.

அடுத்த தவறு மிகப் பழையது. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி என்னுமிடத்தில் கிடைத்த ஏடுகளுள், உலகைப் படைத்தவரைத் தாழ்ந்த தெய்வமாக எண்ணிய ஞானவாதிகளின் ‘யோவானின் இரகசிய நூல்’ என்று ஒன்று உண்டு. அதில் உலகைப் படைத்த கீழ்நிலைத் தெய்வம், தானே எரிச்சலுள்ள கடவுள் என்றும் தன்னையன்றி வேறு கடவுள் இல்லையென்றும் பெருமையடிக்கிறது. உடனே ஆசிரியர் குறுக்கிட்டு, வேறு கடவுள் இல்லையென்றால் யார்மீது எரிச்சல்படுகிறது என்று கேட்கிறார். கேள்வி கூர்மையானது, இன்றும் வேறுவேறு சொற்களில் கேட்கப்படுகிறது. ஆனால் எரிச்சல் என்றாலே சமமானவர்களுக்கு இடையிலான போட்டி என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மகன் கந்துவட்டிக்காரரிடம் கைநீட்டுவதைக் கண்டு கொதிக்கும் தகப்பன், வட்டிக்காரரைத் தனக்குப் போட்டியாக எண்ணிக் கொதிப்பதில்லை. அந்த வாசலுக்குள் நுழைந்தவன் எளிதில் வெளியே வர முடியாது என்று அறிந்தே கொதிக்கிறான்.

கட்டளையின் வாசகத்தைக் கவனித்தால் இது கற்பனையான ஒப்புமை அல்ல என்பது புரியும். ‘உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே’ என்று அது தொடங்குகிறது. பிறகு விக்கிரகங்களை ‘நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம்’ என்கிறது. இங்கே ‘சேவிக்க’ என்பதற்கும் மேலே ‘அடிமைத்தனம்’ என்பதற்கும் எபிரெயத்தில் ஒரே வேர்தான். பார்வோனிடம் செங்கல் அறுத்த வேலையைக் குறிக்கும் அதே வினையை இங்கே விக்கிரக வணக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் வேறொரு வாசல் வழியாகத் திரும்பவும் அடிமைகளாகப் போவதைச் சகிக்காமைதான் அந்த எரிச்சல். அது வெறும் உருவகமாகவும் இருக்கவில்லை. எருசலேமுக்கு அருகே இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட கொடுமையை எரேமியா கண்டிக்கிறார். எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய குற்றச்சாட்டுகளுள் ஒன்று, ‘என் பிள்ளைகளை’ நீ பலியிட்டாய் என்பது. இந்தப் பின்னணியை மறைத்துவிட்டு, புகழ்ச்சிக்கு ஏங்கும் ஒருவரின் குறையாக அந்த எரிச்சலைக் காட்டுவது நேர்மையான வாசிப்பாகாது. ‘நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே’ என்று 50ஆம் சங்கீதத்தில் பேசுபவருக்கு வழிபாட்டால் நிரப்பவேண்டிய வெற்றிடம் ஒன்றுமில்லை.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். அன்பின் தீவிரத்திலிருந்தே வைராக்கியம் பிறக்கிறது என்பது அவர் வாதம். தனக்காக ஒன்றை விரும்பும் அன்பு, தான் அதை அனுபவிப்பதற்குத் தடையாக வருபவர்மேல் பாய்கிறது. நண்பனின் நன்மையை விரும்பும் அன்பு, அந்த நண்பனின் நன்மைக்கு எதிரானதன்மேல் பாய்கிறது. கடவுளின் எரிச்சலை விளக்குவோர் பலரும் அறியாமலே முதல் வகையை எடுத்துக்கொண்டு இரண்டாவதை நிறுவ முயல்கிறார்கள். ‘நீ எனக்கு மட்டும்தான்’ என்று கதாநாயகன் சொல்வதைப்போல அதைக் காட்டிவிட்டு, அதையே அன்பு என்கிறார்கள். கேட்பவர் அதை நம்பத் தயங்கினால் குற்றம் கேட்பவருடையதல்ல.

உணர்ச்சி என்ற பக்கத்திலும் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. கடவுள் நம்மைப்போலவே உள்ளம் கொந்தளித்து நிலைகுலைகிறார் என்பது ஒன்று; ‘எரிச்சல்’ என்பது பழங்கால மக்களுக்காகச் சொல்லப்பட்ட பேச்சு வழக்கு, அதற்குப் பொருளே இல்லை என்பது மற்றொன்று. பழங்காலச் சபையின் ஆயரான அகுஸ்தீன், தம் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிடும் ஒப்புதல் நூலின் தொடக்கத்திலேயே, நீர் எரிச்சல் கொள்கிறீர், ஆனாலும் கலக்கமற்றிருக்கிறீர் என்ற பொருள்பட எழுதி இரண்டையும் விலக்கினார். கலக்கமற்ற எரிச்சல் என்பது நம் அனுபவத்தில் இல்லாத ஒன்று என்பதால், அந்த வாக்கியத்தை விரைந்து கடந்துவிடாமல் சற்று நின்று வாசிக்கவேண்டும்.

‘பழைய ஏற்பாட்டுக் கடவுள் எரிச்சலுள்ளவர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்புள்ளவர்’ என்று பிரிப்பதை 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் செய்தபோதே சபை மறுத்துவிட்டது. அந்தப் பிரிப்பு இரண்டு ஏற்பாடுகளிலுமே தோற்கிறது. பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய துரோகத்துக்குப் பின், யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில், ‘இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும்’ உள்ளவர் என்ற அறிவிப்பு 6ஆம் வசனத்தில் வருகிறது. ‘கர்த்தருடைய நாமம் எரிச்சலுள்ளவர்’ என்பது அதே அதிகாரத்தின் 14ஆம் வசனம். உடைத்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும்போது சொல்லப்பட்ட சொல் அது. புதிய ஏற்பாட்டிலோ, ‘அன்புக்குப் பொறாமையில்லை’ என்று கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், அதே சபைக்கு எழுதிய மற்றொரு நிருபத்தில், உங்களை மணப்பெண்ணாகக் கிறிஸ்துவுக்கு நியமித்தபடியால் உங்களுக்காகத் ‘தேவவைராக்கியமான வைராக்கியங்கொண்டிருக்கிறேன்’ என்கிறார். கிரேக்கத்தில் இரண்டிடத்திலும் இருப்பது ஒரே வினைச்சொல். அன்பு செய்யாது என்று சொன்ன ஒன்றைத் தாமே செய்வதாக அவர் எழுதுகிறார் என்றால், அவர் மனத்தில் இரண்டு பொருள்கள் தெளிவாகவே பிரிந்திருக்கின்றன. இந்தத் திருமண உருவகத்தில் பவுலுக்குக் கிடைக்கும் இடமோ மணமகனுடையது அல்ல. மணப்பெண்ணை ஒப்புக்கொடுக்க நிற்கும் பொறுப்பாளருடையது.

இங்கிருந்து ஆபத்தான தவறுகளுக்கு வருகிறோம். மனைவியின் கைபேசியைச் சோதித்து, அவள் யாரோடு பேசுகிறாள் என்று கணக்குக் கேட்கும் கணவன், ‘கர்த்தரே எரிச்சலுள்ளவர்’ என்று வசனம் காட்டுவதைப் பற்றிச் சபைகள் வெளிப்படையாகப் பேசவேண்டும். இஸ்ரவேலைக் கர்த்தரின் மனைவியாகக் காட்டும் தீர்க்கதரிசிகளின் உருவகத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்தே மனைவியின் இடத்தில் நிற்கிறார்கள். எந்த ஆணுக்கும் அங்கே கடவுளின் இடம் தரப்படவில்லை. ஓசியா நூலில் ‘எரிச்சல்’ என்ற எபிரெயச் சொல் ஒருமுறைகூட வருவதில்லை என்றாலும், அந்தக் கருத்தை அதைவிட ஆழமாகச் சொன்ன நூல் வேறில்லை. அதில் துரோகத்துக்கு ஆளான கணவன் செய்வது என்ன? பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவளைத் திரும்ப அழைத்துக்கொள்கிறான். காசும் தானியமுமாகச் சேர்த்துக் கொடுத்ததைப் பார்த்தால், கையில் இருந்ததையெல்லாம் திரட்டினான் போலும். 11ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம் உக்கிரத்தின்படி செய்யமாட்டேன் என்று சொல்லி, அதற்குக் காரணமாகத் தாம் மனிதனல்ல என்பதையே காட்டுகிறார். அதே நேரத்தில், எசேக்கியேல் 16, 23 ஆகிய அதிகாரங்களில் துரோகம் செய்த மனைவிக்கு நேரும் தண்டனையின் வருணனை கொடூரமானது என்பதையும் மறைக்கக்கூடாது. அழிந்துகொண்டிருந்த ஒரு நகரத்தைப் பற்றிய பேச்சு அது, குடும்பத்துக்கான வழிகாட்டி அல்ல. வீட்டில் அடிபட்ட பெண் ஒருத்தி அமர்ந்திருக்கும் கூட்டத்தில் அந்தப் பகுதியை விளக்கமின்றி வாசிப்பவர் அன்பைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார்.

கடவுளின் எரிச்சலைத் தாங்களே நிறைவேற்ற நினைப்பதும் இவ்வகையில் சேரும். சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்காதபோது, வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். அவர் திரும்பிப்பார்த்து அவர்களைத்தான் அதட்டினார். பவுலும் தம் பழைய வாழ்க்கையைக் குறிக்கும்போது, ‘பக்திவைராக்கியத்தின்படி’ சபையைத் துன்பப்படுத்தினவன் என்றே சொல்கிறார். இரண்டாம் கட்டளை ‘உன் தேவன்’ என்று உடன்படிக்கைக்குள் இருப்பவரை நோக்கிப் பேசுகிறது. அடுத்த தெருக் கோயிலின் திருவிழாவைப் பார்த்து அந்த வசனத்தை வீசுபவர், தமக்கு வந்த கடிதத்தை அண்டை வீட்டில் போட்டுவிட்டு வருகிறார். ‘உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்’ என்று ஆமோஸ் வழியாகச் சொன்னவர், அதையே காரணமாக வைத்து அவர்களைத்தான் விசாரிக்கப்போவதாகவும் சொன்னார்.

கடைசியாக, அன்பு என்று சொல்லிச் சொல்லியே எரிச்சலைக் கரைத்துவிடும் தவறும் உண்டு. யாருடன் போனாலும் எனக்கொன்றுமில்லை என்பவரைப் பெருந்தன்மையானவர் என்று சொல்லலாம். நேசிக்கிறவர் என்று சொல்வது கடினம். எரிச்சல் உண்மையானதாக இருப்பதால்தான் அது எதையாவது செய்கிறது. எருசலேம் பாழாகி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், ஆலயம் பாதி எழும்பி நின்ற காலத்தில், சீயோனுக்காகக் கடும் வைராக்கியம் கொண்டேன் என்று சகரியா 8ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்கிறார். அந்த வைராக்கியத்தின் விளைவாக அங்கே வருணிக்கப்படுவது, முதிர்வயதினால் கோல் ஊன்றி வீதிகளில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களும் கிழவிகளும், அவர்களைச் சுற்றி விளையாடும் பிள்ளைகளும்.