டெக்சஸில் மது விற்கும் கவுண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் கேஸ் ஸ்டேஷன் கடைகளிலும் பார் வைத்த ரெஸ்டாரன்ட்டுகளிலும் நம்மவர்களும் வேலை பார்க்கிறார்கள். சேர்ந்ததும் முதலாளி சொல்வது: "டி.ஏ.பி.சி. சர்டிபிகேட் எடுத்துட்டு வந்துடு." டெக்சஸ் ஆல்கஹாலிக் பெவரேஜ் கமிஷன் அங்கீகரித்த விற்பனையாளர் பயிற்சி அது. ஆன்லைனில் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம், 2 ஆண்டு செல்லும். பிரச்சினை, அந்தச் சில மணி நேரத்தில் படித்தது கவுண்டர்வரை வந்து சேராததுதான்.

முதல் தவறு ஐ.டி.யில். மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். "21 ஆயிடுச்சா?" என்று வாயால் கேட்டுவிட்டு பீரை ஸ்கேன் செய்வது சோதனையே இல்லை. அட்டையை வாங்கிப் பார்ப்பவர்களும் நம்மூர்ப் பழக்கத்தால் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க டிரைவிங் லைசென்ஸில் மாதம் முன்னால், நாள் பின்னால். 11/03/2005 என்றால் நவம்பர் 3. அதை மார்ச் 11 என்று படித்தால், 20 வயதுப் பையனுக்கு ஏழரை மாதத்துக்கும் மேலாக விற்றுக்கொண்டிருப்பீர்கள். ஒருவர் இந்திய பாஸ்போர்ட்டை நீட்டினால் நேர்மாறு, அதில் நாள்தான் முதலில். அவசரமாக இருந்தாலும் மாதத்தின் பெயரை மனசுக்குள் சொல்லிப் படியுங்கள்.

21 நிறையாதவர்களுக்கு டெக்சஸ் லைசென்ஸ் நெட்டுவாக்கில் இருக்கும். கிடைவாக்கில் இருக்கிறதே என்று படத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தால், அண்ணன் அட்டையோடு வந்த தம்பி பாட்டிலோடு போவான். அரசு வழங்கிய, ஆளின் தோற்றத்தோடு பொருந்தும் படம் உள்ள, அசல் என்றே நம்பத்தக்க அட்டையைக் காட்டி ஒருவர் ஏமாற்றியிருந்தால், அதை விற்றவர் தற்காப்பாகச் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. அட்டையையே பார்க்காதவருக்கு அது கிடையாது. வயது குறைந்தவருக்கு விற்ற குற்றத்துக்கு 4,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. தண்டனை கல்லாவில் நின்றவர் தலையில்தான் விழும்.

பாரில் நடக்கும் பெரிய தவறு, கிளாஸை எண்ணிவிட்டு உள்ளே இருக்கும் மதுவை எண்ணாமல் விடுவது. அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் ஆல்கஹால்: 5 சதவீத பீர் 355 மி.லி., 12 சதவீத ஒயின் 148 மி.லி., 40 சதவீத விஸ்கி 44 மி.லி. எல்லாம் ஒன்றுதான். 8 சதவீத பீரை 473 மி.லி. கிளாஸில் ஊற்றினால் அந்த ஒரு கிளாஸே இரண்டு டிரிங்கைத் தாண்டும். ஈரல் மணிக்குச் சுமார் ஒரு டிரிங்க் அளவைத்தான் கரைக்கும். காபியோ குளிர்ந்த நீரோ அந்த வேகத்தைக் கூட்டாது. மடமடவென்று மூன்று ஷாட் அடித்தவர் இப்போது நிதானமாகத் தெரிவார், போதை உச்சத்துக்கு ஏற அரை மணிக்கு மேலும் ஆகலாம். ஷிஃப்ட் மாறும்போது எந்த மேசைக்கு எத்தனை போனது என்று அடுத்தவரிடம் சொல்லாமல் போனால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும்.

போதையில் இருப்பவருக்கு விற்கக் கூடாது என்பது பாருக்கு மட்டும்தான் என்று கடைக்காரர்கள் நினைப்பதும் தவறு. பெட்டியாக வாங்கிப் போகிறவருக்கும் அதே சட்டம்தான். ஆனால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ரத்தச் சர்க்கரை இறங்கிய நீரிழிவுக்காரருக்கும் நாக்கு குழறும், நடை தள்ளாடும். அப்படிச் சந்தேகம் வந்தால் முதலில் "உடம்புக்கு முடியலையா?" என்று கேளுங்கள்.

மறுக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். நண்பர்கள் முன்னால் "நீங்க குடிச்சிருக்கீங்க" என்றால் அவருக்கு மானப் பிரச்சினை, உங்களுக்குச் சண்டை. ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு இதுக்கு மேல என்னால விற்க முடியாது, என் வேலை போயிடும்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். கையைப் பிடிக்காதீர்கள், சாவியைப் பிடுங்காதீர்கள். ஊபர் கூப்பிட்டுத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காமல் வண்டியை எடுத்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள். பிறகு, மறுத்த நேரத்தையும் காரணத்தையும் நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இனி முதலாளிகளுக்கு. ஊழியர் செய்த தவறுக்குக் கடை லைசென்ஸ் மீது நடவடிக்கை வராமல் காக்கும் ஒரு சட்டப் பாதுகாப்பு டெக்சஸில் உண்டு. எல்லோருடைய சர்டிபிகேட்டையும் ஃபைலில் போட்டுவிட்டால் அது தானாக வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். எழுத்தில் விதிகள் இருக்க வேண்டும். மிக முக்கியமாக, சட்டத்தை மீற நீங்கள் நேராகவோ மறைமுகமாகவோ தூண்டியிருக்கக் கூடாது. தினமும் வருகிற கஸ்டமருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் பையனைத் திட்டினால், அடுத்த முறை அவன் மறுப்பானா? திட்டியது தூண்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். வேலைக்கு எடுக்கும் நாளிலேயே, "நீ வேண்டாம்னு சொன்னா நான் மாத்திச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். கஸ்டமர் உங்களுக்கே ஃபோன் போட்டுப் புகார் செய்யும்போதும் அதையே சொல்லுங்கள்.